ஒரு டன் பாறையில் ஒரு மிளகளவு தங்கம்: ரோஷியா மொந்தானா மலையின் கணக்கு

ருமேனியாவின் அபுசேனி மலைகளில் ரோஷியா மொந்தானா என்று ஒரு கிராமம். அதன் அடியிலும் அதைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் 21.5 கோடி டன் தாதுப்பாறை கிடக்கிறது என்றும், அதில் டன்னுக்குச் சராசரியாக 1.46 கிராம் தங்கமும் 6.9 கிராம் வெள்ளியும் இருக்கிறது என்றும் துளையிட்டுப் பார்த்தவர்கள் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 314 டன் தங்கம். கேட்கவே மலைப்பாக இருக்கும், ஆனால் அவ்வளவையும் உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால் நீளம், அகலம், உயரம் எல்லாம் இரண்டரை மீட்டர்தான் வரும். ஒரு சின்னப் படுக்கையறைக்குள் அடங்கிவிடும். ஒரு டன் பாறையில் இருப்பதை மட்டும் திரட்டினால் ஒரு மிளகு அளவு தேறும். ஒரு பவுனுக்கு ஐந்தரை டன் பாறையை உடைத்து மாவாக்க வேண்டும், ஆலையில் வீணாகிறதையும் சேர்த்தால் ஏழு டன் ஆகிவிடும்.

இந்த மிளகுக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், இதே மலையில் 1,850 வருடங்களுக்கு முன்னால் ரோமர்கள் எண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு உளியால் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். டன்னுக்கு ஒன்றரை கிராம் பாறையை உளியால் வெட்டி ஒருவனும் பிழைக்க முடியாது. அவர்கள் பார்த்த தங்கம் வேறு மாதிரி. ஒரே மலை, ஒரே தங்கம்தான், ஆனால் சில இடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நரம்பில், அதாவது பாறை விரிசலை அடைத்து நிற்கும் கனிமப் பட்டையில், திரண்டிருக்கிறது, மீதியெல்லாம் மலை முழுக்கப் பொடியாய்த் தூவிக் கிடக்கிறது. அந்த ஊருக்கு இரண்டாயிரம் வருடமாக நடந்த எல்லாவற்றுக்கும் இந்தப் பரவல்தான் காரணம் என்பது என் கட்சி. அது எப்படி அப்படிப் பரவியது என்று பார்ப்போம்.

நமக்கெல்லாம் தங்கச் சுரங்கம் என்றால் கோலார்தான் நினைவுக்கு வரும். அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோலாரின் பாறை 250 கோடி வருடங்களுக்கும் மேல் பழையது, பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் அழுந்திப் புரண்டு உருமாறிய பாறையில் வந்த தங்கம். அதனால்தான் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வரை ஆட்கள் இறங்கிப் போனார்கள். ரோஷியா மொந்தானாவின் தங்கமோ நேற்றுப் பிறந்தது மாதிரி, வயது சுமார் 1.28 கோடி வருடம்தான். உருவானதும் மேற்பரப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டருக்குள். இப்படி எரிமலையின் மேல்தோலுக்குப் பக்கத்தில் வெந்நீர் கொண்டுவந்து போடும் தாதுவை எபிதெர்மல் என்பார்கள்.

எரிமலை எங்கிருந்து வந்தது

அபுசேனியின் தெற்குப் பகுதியில் உள்ள தாதுக்களை மொத்தமாகத் தங்க நாற்கரம் என்று அழைப்பது வழக்கம். பிராத், சகரிம்ப், ஸ்லாத்னா, பாயா தே அரியேஷ், ரோஷியா மொந்தானா எல்லாம் அதற்குள் வரும். இங்கே எரிமலைகள் சுமார் 1.47 கோடி வருடம் முன்பு தொடங்கி 74 லட்சம் வருடம் முன்பு வரை விட்டுவிட்டு இயங்கின.

பாடப்புத்தக விளக்கம் சுலபமானது: கடல்தட்டு ஒன்று கண்டத்துக்கு அடியில் சொருகும், அதிலிருந்து நீர் கசியும், மேலே உள்ள பாறை உருகும், எரிமலை வரிசை வரும். ஆண்டீஸ் மலைக்கு அது சரி. அபுசேனிக்கு அப்படியே ஒட்டாது. இங்கே எரிமலை வெடித்த காலத்தில் இந்த மலைக்கு நேர் கீழே எந்தத் தட்டும் சொருகிக்கொண்டிருக்கவில்லை. நிலத்துண்டு இழுபட்டு, கடிகார முள் போகும் திசையில் பல பத்து டிகிரி திரும்பிக்கொண்டிருந்தது. அந்த இழுவையில் பள்ளங்கள் விழுந்தன, மேலோடு மெலிந்தது, முன்பு எப்போதோ தட்டு சொருகியபோது நீர் ஊறிப் பதமாகியிருந்த ஆழத்துப் பாறை இப்போது உருகியது. நேற்று ஊறவைத்த மாவை இன்று சுட்ட கதை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குழம்பில் நீரும் கந்தகமும் இருந்தன, தங்கத்துக்கு அவை இரண்டும் வேண்டும்.

ரோஷியா மொந்தானாவில் அந்தக் குழம்பு மேலே வரும் வழியில் நிலத்தடி நீரைச் சந்தித்தது. கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் சொட்டினால் என்ன ஆகும் என்று அடுப்படியில் நின்ற எல்லோருக்கும் தெரியும். இங்கே அது ஒரு ஊர் அளவுக்கு நடந்தது. வெடித்து, குழியாகி, குழிக்குள் ஏரி நின்று, அதற்குள் வண்டல் படிந்து, திரும்பவும் வெடித்து, இப்படிப் பல தடவை. மேலே கிண்ணம் போலக் குழி, கீழே புனல் போலச் சரிந்து இறங்கும் உடைகல் நிரம்பிய குழாய். இந்தக் குழாய்க்கு டயட்ரீம் என்று பெயர், மேலே உள்ள குழிக்கு மார் என்று பெயர். குழாயைச் சுற்றி இருந்தது கிரெட்டேசியஸ் காலத்துக் களிக்கல்லும் மணற்கல்லும்.

பிறகு, சுமார் 1.35 கோடி வருடம் முன்பு, அந்த உடைகல் குழாயைத் துளைத்துக்கொண்டு டேசைட் என்ற பாறைக்குழம்பு ஏறி, கெட்டியாக இருந்ததால் ஓடாமல் குமிழ் குமிழாக நின்று உறைந்தது. செத்தாத்தே, கிர்னிக் என்ற இரண்டு குன்றுகளும் அந்தக் குமிழ்கள்தான். இனி வரும் கதை பெரும்பாலும் இந்த இரண்டு குன்றுகளைச் சுற்றித்தான்.

கையில் ஒரு கல்

கிர்னிக் டேசைட்டில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது குவார்ட்ஸ் மணிகள். கண்ணாடி போல, சில ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூட இருக்கும். பாறை சிதைந்த இடத்தில் இரண்டு பக்கமும் கூர் வைத்த ஆறுபட்டை மணியாக அப்படியே உதிரும். அதன் பக்கத்திலேயே வெளிறிய, மங்கலான கட்டங்கள். அவை ஒரு காலத்தில் பிளேஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார். இப்போது அதன் உருவம் மட்டும்தான் மிச்சம், உள்ளே இருந்த சரக்கு போய்விட்டது. அந்த அச்சுக்குள் அடுலேரியா என்ற பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் வந்து உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரர் காலி செய்த வீட்டில் வேறு குடி வந்த மாதிரி. இடையிடையே ஊசிமுனை அளவுக்குப் பித்தளை நிறப் பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்.

இந்த அடுலேரியாதான் இந்த வழக்கின் முக்கிய சாட்சி. அது எதைச் சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, தங்கம் எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிய வேண்டும்.

தங்கம் வெறும் வெந்நீரில் கரையாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெந்நீரில் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு, கரைந்திருந்தால் தங்க அணு கந்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கரைசலில் கிளம்பிவிடும். 200, 300 டிகிரி வெப்பம், மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் நீரின் எடை அழுத்துவதால் கொதிக்காமல் நீராகவே மேலேறும். மேலே வர வர அழுத்தம் குறையும். ஒரு கட்டத்தில், பாறை திடீரென்று விரிசல் விட்டால் இன்னும் சட்டென்று, கொதிக்கத் தொடங்கும். கோலி சோடாவில் கோலியை உள்ளே தள்ளினவுடன் புஸ்ஸென்று காற்று கிளம்புமே, அதேதான். கிளம்பிப் போகிற வாயுவோடு ஹைட்ரஜன் சல்பைடும் போய்விடும். கைப்பிடித்து வந்தவன் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனால் தங்கம் என்ன செய்யும்? அங்கேயே இறங்கிவிடும். கூடவே கரியமில வாயுவும் வெளியேறுவதால் நீரின் அமிலத்தன்மை குறைந்து, அடுலேரியா படிகிறது. ஆக, நரம்பில் அடுலேரியாவைப் பார்த்தால் இங்கே நீர் கொதித்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். நீர் கொதித்த இடத்தில் தங்கத்தைத் தேடலாம்.

நீர் ஒரே தடவையில் வந்து போகவில்லை. விரிசல் விழும், கொதிக்கும், குவார்ட்ஸ் படிந்து அடைபடும், அழுத்தம் ஏறும், மறுபடி உடையும். ஒரு நரம்பைக் குறுக்கே அறுத்து மெருகேற்றிப் பார்த்தால் இது வரி வரியாகத் தெரியும்: வெள்ளைக் குவார்ட்ஸ், அடுத்து ரோஜா நிறத்தில் ரோடோகுரோசைட் என்ற மாங்கனீஸ் கார்பனேட், அடுத்து கறுப்பாக மெல்லிசாக சல்பைடுகள், திரும்பவும் வெள்ளை. நடுவில் அடைபடாத பொந்து, அதற்குள் ஊசி ஊசியாகப் படிகங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் அந்தப் பொந்துக்குள் தங்க இலை. இலை என்றால் உண்மையிலேயே இலைதான், கசங்கிய ஜரிகைத் தாள் மாதிரி. பிராத் ஊரில் தங்கத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, அபுசேனி தங்கம் எத்தனை உருவம் எடுக்கும் என்பதை அங்கே பார்க்கலாம்.

இன்னொன்று, இது நம் ஊர்ப் பசும்பொன் நிறத்தில் இருக்காது. வெளிறிய மஞ்சள். வெள்ளி 20 சதவீதத்துக்கு மேல் கலந்த இயற்கைத் தங்கத்தை எலக்ட்ரம் என்கிறோம். ரோஷியா மொந்தானாவில் பெரும்பாலும் அதுதான். நகைக்கடைக் கணக்கில் 19 காரட்டுக்குக் கீழே. நம் பத்தர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிடுவார்.

உடைகிற பாறை, உடையாத பாறை

இப்போது பரவலுக்கு வருவோம். விரிசல் இருந்தால்தான் நீருக்கு வழி. எந்தப் பாறை நன்றாக உடைகிறதோ அதில் தங்கம். டேசைட் கடினமானது, அதோடு வெந்நீர் ஊறி ஊறி சிலிக்காவும் அடுலேரியாவும் ஏறி இன்னும் விறைத்துப்போனது. விறைத்த பாறை கண்ணாடி போல நொறுங்கும்: நாலு பெரிய விரிசல் விழும் இடத்தில் நானூறு மயிரிழை விரிசல் விழும். பெரிய விரிசல்களில் கண்ணால் பார்க்கக்கூடிய தங்கம் படிந்தது. மயிரிழை விரிசல்களிலும், உடைகல்லின் இடுக்குகளிலும், பாறை உடம்பு முழுக்கத் தூவின பைரைட்டோடும் கண்ணுக்குத் தெரியாத தங்கம் படிந்தது. செத்தாத்தே, கிர்னிக் இரண்டின் உடம்பே அதனால் தாது.

டேசைட்டுக்கு நேர் எதிர், கிளாம் என்று அங்குள்ள சுரங்கத் தொழிலாளர்கள் பெயர் வைத்த கறுப்புப் பாறை. அது கீழே இருந்த களிக்கல் வெடிப்பில் மாவாக அரைபட்டு, அந்தக் கறுப்பு மாவுக்குள் டேசைட் துண்டுகளும் இன்னும் ஆழத்திலிருந்து வந்த துண்டுகளும் புதைந்து, குழம்பு போல மேலே பிதுங்கி வந்து உறைந்தது. இது மென்மையானது, அழுத்தினால் நசுங்கும், விரிசலைத் திறந்து வைத்திருக்காது. புவியியல் நூல்கள் இதற்கு நீளமான பெயர்கள் வைக்கலாம், எனக்கு இந்தத் தொழிலாளர் சொல்தான் பிடித்திருக்கிறது. தலைவிளக்கு வெளிச்சத்தில் கறுப்பா வெளுப்பா என்று பார்த்தவுடன் சொல்லிவிடக்கூடிய வித்தியாசத்துக்கு ஒரே அசையில் பெயர்.

பக்கத்து வீட்டுக்காரன் உறவினனா?

ரோஷியா மொந்தானாவுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி ரோஷியா பொயேனி என்று ஒரு பெரிய செம்புத் தாது இருக்கிறது, போர்ஃபிரி வகை, அதாவது ஆழத்தில் உறைந்த குழம்புப் பாறை முழுக்கச் செம்பு மெலிதாகப் பரவிக் கிடப்பது. ஆழத்தில் போர்ஃபிரி செம்பு, அதற்கு மேலேயோ ஓரத்திலோ எபிதெர்மல் தங்கம் என்பது எரிமலை மலைத்தொடர்களில் அடிக்கடி பார்க்கிற ஜோடி. அதனால் இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவை என்று நினைக்கத் தோன்றும்.

இங்கேதான் அடுலேரியா இரண்டாவது முறை சாட்சி சொல்கிறது. அதில் பொட்டாசியம் இருக்கிறது, பொட்டாசியத்தில் ஒரு பகுதி மெல்ல மெல்ல ஆர்கானாகச் சிதைகிறது, ஆக தங்கத்தோடு கூடவே பிறந்த இந்தக் கனிமத்துக்குள் ஒரு கடிகாரமும் இருக்கிறது. அது காட்டும் வயது சுமார் 1.27, 1.28 கோடி வருடம். டேசைட் உறைந்து சில லட்சம் வருடம் கழித்து. ரோஷியா பொயேனியின் வயதோ சுமார் 93 லட்சம். நடுவில் 30 லட்சம் வருடத்துக்கும் மேல் இடைவெளி. ஒரு வெந்நீர் மண்டலம் அவ்வளவு காலம் சூடாக இருக்காது. பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் உறவு இல்லை. ரோஷியா மொந்தானாவின் வடகிழக்கை மூடிக் கிடக்கும் ரொத்துந்தா ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறையும் அந்தப் பிந்தைய தலைமுறையைச் சேர்ந்தது. அது தாதுவைத் தரவில்லை, தாதுவின் மேல் வந்து படுத்துக்கொண்டது.

ஆய்வில் இப்படிச் சின்னதாகத் தெரிகிற முடிவுக்குப் பெரிய விலை உண்டு. உறவு இருக்கிறது என்று நம்பினால் தங்கத்துக்குக் கீழே செம்பைத் தேடித் துளை போடுவீர்கள். ஒரு துளைக்கு எவ்வளவு செலவு என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

இதே நாற்கரத்தில் இன்னொரு விசேஷம் டெல்லூரியம். 1782இல் ஸ்லாத்னா பக்கத்துச் சுரங்கத் தாதுவைச் சோதித்த முல்லர் ஃபொன் ரைக்கென்ஸ்டைன், இது தெரிந்த எந்த உலோகத்தோடும் ஒத்துப்போகவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொண்டார். 1798இல் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் அதற்கு டெல்லூரியம் என்று பெயர் வைத்தார். தங்கம் கந்தகத்தோடு மட்டுமல்ல, இதோடும் சேரும். சேர்ந்தால் மஞ்சளாகவே இருக்காது, ஈயம் போல் சாம்பல் நிறத்தில் இருக்கும். டிரான்சில்வேனியாவின் பெயரில் இருக்கும் சில்வனைட் அப்படிப்பட்டதுதான், கல்லின் மேல் யாரோ கிறுக்கி எழுதினது போலப் படிகம் விடும். கிர்னிக் குன்றிலேயே ஜெர்மேனியம், டெல்லூரியம், வெள்ளி சேர்ந்த புதுக் கனிமம் ஒன்று கிடைத்து, ஊரின் ரோமப் பெயரை வைத்து அதற்கு அல்பர்னைட் என்று பெயரிட்டார்கள்.

ரோமர்கள் எடுத்தது எது

ரோமப் பேரரசன் டிராஜன் தாசியாவை, அதாவது இன்றைய ருமேனியப் பகுதியை, பிடித்தது 106இல். ரோமர்களுக்கு இந்த ஊர் அல்பர்னஸ் மாயோர். அட்ரியாட்டிக் கடலோர டால்மேஷியா பக்கத்திலிருந்து சுரங்கம் தெரிந்த இல்லிரிய மக்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்கள் வெட்டிய சுரங்கங்களைப் பார்த்தால் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும் சரிவகக் குறுக்குவெட்டு, சுவரில் உளித்தடம், விளக்கு வைக்க மாடம். பாறை ரொம்பக் கெட்டியான இடத்தில் நெருப்பு மூட்டிச் சூடேற்றி வெடிக்கவிட்டிருக்கிறார்கள். இப்போது தெரிந்த அளவில் இப்படி 7 கிலோமீட்டர்.

யுனெஸ்கோ குறிப்பில் ரோமர்கள் 166 வருடத்தில் சுமார் 500 டன் தங்கம் எடுத்தார்கள் என்று இருக்கிறது. அதைப் படித்ததும் நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 7 கிலோமீட்டர் சுரங்கம், குறுக்குவெட்டு இரண்டு சதுர மீட்டர் என்று வைத்தால் 14,000 கன மீட்டர், எடையில் சுமார் 35,000 டன் பாறை. அதிலிருந்து 500 டன் தங்கம் என்றால் டன்னுக்கு 14 கிலோ! கிராம் இல்லை, கிலோ. எந்த நரம்பும் சராசரியாக அப்படி இருக்காது. அப்படியென்றால் அந்த எண் சரியாக இருக்க, அவர்கள் மேலே திறந்தவெளியிலும், பெரிய குடைவுகளிலும், ஓடை மணலிலும் இதைவிடப் பல மடங்கு வெட்டியிருக்க வேண்டும். செத்தாத்தே குன்றின் மேல் அப்படிப்பட்ட ரோமத் திறந்தவெட்டுகள் இருந்தன. 1970களில் அரசாங்கம் திறந்தவெளிச் சுரங்கம் போட்டபோது அவை போய்விட்டன. ஆக சரிபார்க்க வேண்டிய இடமே இப்போது காற்று. நான் அந்த 500ஐ ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ரோமர்களின் வேலை எப்படி நடந்தது என்பதற்கு எந்த எண்ணையும்விட நல்ல ஆதாரம் இருக்கிறது. 1786க்கும் 1855க்கும் நடுவில் பழைய சுரங்கங்களுக்குள்ளிருந்து மெழுகு பூசிய மரப்பலகைகள் கிடைத்தன. கடன் பத்திரம், அடிமை விற்பனை, வீட்டு விற்பனை, வேலை ஒப்பந்தம். ஊரின் பெயர் முதலில் வருவது 131 பிப்ரவரி 6 தேதியிட்ட பலகையில். 164 மே 20 தேதியிட்ட ஒன்று சுரங்கக் கூலி ஒப்பந்தம்: மெம்மியஸ் என்பவன் அன்றிலிருந்து நவம்பர் நடு வரை தங்கச் சுரங்கத்தில் உழைக்க 70 தினாரிக்கு, அதாவது 70 ரோம வெள்ளிக்காசுக்கு, ஒத்துக்கொள்கிறான். அவனுக்கு எழுத்து தெரியாது, அதனால் அவன் கேட்டுக்கொண்டபடி வேறொருவர் எழுதுகிறேன் என்று முதலிலேயே இருக்கிறது. நடுவில் விட்டுப்போனால் நாளுக்கு இவ்வளவு அபராதம். அப்புறம் இந்த வரி: தண்ணீர் வந்து வேலையைத் தடுத்தால், அதற்குத் தக்கபடி கூலியைக் கழித்துக்கொள்ளலாம்.

புவியியல் படித்தவன் கண்ணில் இந்த வரிதான் நிற்கும். விரிசல் விட்ட பாறையில்தான் தங்கம், விரிசல் விட்ட பாறையில்தான் தண்ணீர். நரம்பைத் துரத்திக் கீழே போகப் போக ஊற்று அடிக்கும். அந்த நஷ்டம் யார் தலையில் என்று 164இலேயே எழுதி வைத்துவிட்டார்கள், எழுதத் தெரியாதவன் தலையில். முதலாளிகள் சும்மா இருந்துவிடவும் இல்லை: ஓர்லேயா குன்றின் பாரு கார்பேனி சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க அவர்கள் நிலத்தடியில் நிறுத்திய மரச் சக்கரங்களின் மிச்சம் கிடைத்திருக்கிறது. இப்படிச் சக்கரம் நிறுத்திய இடங்கள் நாலு தெரியவந்திருக்கின்றன.

பொடித் தங்கத்தின் காலம்

நடுவில் உள்ள நூற்றாண்டுகளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்சம் ஆண்ட காலத்தில் மலைமேல் அணை கட்டிச் சின்ன ஏரிகள் தேக்கினார்கள், அந்த ஏரித் தண்ணீர் ஓடையில் வரிசையாக நின்ற மர உலக்கை ஆலைகளை ஓட்டியது. குடும்பம் குடும்பமாகச் சுரங்கம், வீட்டு வாசலிலேயே தாது இடிப்பு. தாவூல் மாரே, தாவூல் பிரசி என்று அந்த ஏரிகள் இன்றும் இருக்கின்றன. 1948இல் சுரங்கம் அரசுடைமை ஆனது. 1970களில் செத்தாத்தேயைத் திறந்தவெளியாக வெட்டத் தொடங்கினார்கள், ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கு முந்தைய வருடம், 2006இல், அதுவும் மூடப்பட்டது.

கவனியுங்கள், நரம்பை விட்டுக் குன்றையே வெட்டும் பாணி செத்தாத்தேயில்தான் ஆரம்பமானது. கண்ணுக்குத் தெரிந்த தங்கம் தீர்ந்து வர, கண்ணுக்குத் தெரியாத தங்கம்தான் மிச்சம். 1990களின் கடைசியில் வந்த கனடா நிறுவனமான கேப்ரியல் ரிசோர்சஸ், ருமேனிய அரசு நிறுவனத்தோடு சேர்ந்து துளையிட்டு எடுத்த கணக்குதான் நான் முதலில் சொன்ன 21.5 கோடி டன். திட்டம் நாலு திறந்தவெளிக் குழிகள், பாறையை மாவாக்கி சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுப்பது, கழிவுச்சேற்றைத் தேக்கக் கோர்னா பள்ளத்தாக்கின் குறுக்கே 185 மீட்டர் உயர அணை.

இதில் யாரையும் ஆச்சரியப்படுத்த ஒன்றும் இல்லை, தாதுவின் புவியியலே இதைத்தான் கேட்கிறது. ஜப்பானின் ஹிஷிகாரியும் எபிதெர்மல்தான், அங்கே டன்னுக்கு 20 கிராம் அளவுக்கு நரம்பிலேயே திரண்டிருப்பதால் நிலத்தடியில் நரம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே ஊரையும் வெந்நீர்க் குளியல் விடுதிகளையும் அப்படியே விட்டுவைக்க முடிகிறது. பெருவின் யானாகோச்சாவில் டன்னுக்கு ஏறக்குறைய ஒரு கிராம்தான், ஆனால் பாறை ஆக்சிஜன் பட்டு நன்றாக மக்கியிருந்ததால் அரைக்காமலே குவித்து வைத்துச் சயனைடு தெளித்து எடுத்தார்கள். ரோஷியா மொந்தானாவுக்கு இரண்டு வசதியும் இல்லை. திரட்சியும் இல்லை, மக்கலும் குறைவு. பைரைட் புத்தம்புதிதாக இருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் வெட்டி, எல்லாவற்றையும் அரைத்து, அரைத்த எல்லாவற்றையும் எங்கேயாவது கொட்டியாக வேண்டும். ஒரு மிளகுக்கு ஒரு டன் சேறு. கோலாரில் சயனைடு மேடுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கொட்டும் இடம் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியர்களுக்குக் கண்முன்னே இரண்டு பாடம் இருந்தது. ஒன்று, பக்கத்து ரோஷியா பொயேனி செம்புச் சுரங்கத்தின் சேறு 1970களின் கடைசியிலிருந்து ஜியாமனா கிராமத்தை மூழ்கடித்தது, சேற்றுக்கு மேலே தேவாலயக் கோபுரத்தின் நுனி மட்டும் தெரியும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. இன்னொன்று வடக்கே பாயா மாரேயில்: 2000 ஜனவரி 30 அன்று தங்க ஆலைக் கழிவணை உடைந்து சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் சோமேஷ், திசா ஆறுகள் வழியே டான்யூப் வரை போய் மீன்களைக் கொன்றது.

2013 செப்டம்பரில் புக்கரெஸ்ட் வீதிகளில் பெருங்கூட்டம் இறங்கியது, 2014இல் நாடாளுமன்றம் இந்தத் திட்டத்துக்கென்று வந்த சட்ட மசோதாவை நிராகரித்தது, 2021 ஜூலையில் யுனெஸ்கோ இந்தச் சுரங்க நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அதே மூச்சில் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. நிறுவனம் தொடுத்த பல நூறு கோடி டாலர் நஷ்டஈட்டு வழக்கை 2024 மார்ச்சில் சர்வதேச நடுவர் மன்றம் தள்ளுபடி செய்தது. வேலையில்லாமல் நின்ற உள்ளூர்க்காரர்களில் பலர் சுரங்கம் வரட்டும் என்றார்கள், அதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. சுரங்கம் தவிர வேறு தொழில் தெரியாத ஊரில் நல்ல காற்றைக் காட்டி வயிற்றை நிரப்பச் சொல்வது சுலபம்.

சரி, வெட்டாமல் விட்டதால் மலை அமைதியாக இருக்கிறதா? பைரைட்டை மறந்துவிடாதீர்கள். அது நிலத்தடியில் காற்றுப் படாமல் இருந்தவரை சாது. இரண்டாயிரம் வருடமாகக் குடைந்த ஓட்டைகள் வழியாக இப்போது காற்றும் மழைநீரும் உள்ளே போகின்றன, பைரைட் துருப்பிடித்துக் கந்தக அமிலமாகக் கரைகிறது, அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் அரித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஊரின் பழைய ஹங்கேரியப் பெயர் வெரெஷ்படாக்; செவ்வோடை என்று பொருள். ரோஷியா என்றாலும் சிவப்புதான். 714 மீட்டர் மட்டத்தில் உள்ள பிரதான வடிகால் சுரங்கவாயில் நின்று பார்த்தால் பி.எச். 3க்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தண்ணீர், கல்லையெல்லாம் காவி பூசிக்கொண்டு, ரோஷியா ஓடை வழியாக அப்ருத் ஆற்றை நோக்கி இறங்குகிறது. சுரங்கம் மூடி இத்தனை வருடம் ஆகியும், மலைக்குள்ளிருந்து தினமும் உலோகத்தை வெளியே எடுத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.